உள்ளேன் என்று அது சொல்லும்

டண். டண். டண். விடுதியின் பின்பக்கம், சமையல்கட்டுப் புகை போகிற வழியில், வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாட்ச்மேன் அதில் இரும்புக் கம்பியால் அடிப்பார். கடைசி அடி விழுந்த பிறகும் அந்த இரும்பு கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே இருக்கும், அடித்தவர் அறையை விட்டுப் போன பிறகு அழுகிற பிள்ளை மாதிரி. அந்த முனகல் அடங்குவதற்குள் நாங்கள் எல்லோரும் வராந்தாவில் வந்து நிற்க வேண்டும். வார்டன் பெயர் வாசிக்க வாசிக்க, உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா. மற்ற விடுதிகளில் பிரசண்ட் மிஸ் என்பார்கள், எங்கள் வார்டனுக்கு அது ஆகாது. ஐம்பது வருடம் கடந்த சத்தம் இன்றைக்கு ஏன் காதில் விழ வேண்டும். காலை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது. எதிரே மேசையில் கம்ப்யூட்டர், கறுத்த திரை, அதில் மங்கலாக என் முகம், கண்ணாடி மட்டும் இரண்டு வெள்ளை வட்டமாக. இதை நான் இன்னும் ஆன் செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை. பத்து மணி வரை இது எழுந்திருக்காவிட்டால் மெல்போர்னில் என் மகன் இளம்பரிதியின் போன் கத்தும். அவன்தான் சொன்னான், கத்தும் என்று. கத்தட்டும். கத்தினால் கூப்பிடுவான். கூப்பிடுவானா. அதைத் தெரிந்துகொள்ளத்தான் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளை செய்கிற வேலையா இது. சின்ன வயதில் செய்ய வேண்டியது, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யார் தேடுகிறார்கள் என்று பார்ப்பது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதிகம், ஒளிந்தால் ஒளிந்த இடத்திலேயே தூங்கிவிட வேண்டியதுதான், ஒருவரும் தேட மாட்டார்கள்.

போன தடவை வந்திருந்தபோது இரண்டு சாயங்காலம் இதன் முன்னால் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு ஏதோ பாட்டுப் போட்டுத் தருகிறான் என்று நினைத்தேன். "ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஸ்டார்ட்டப்ல போட்டுட்டேன்மா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், ஆன் பண்ணா போதும்" என்றான். ஸ்கிரிப்ட் என்றால் நாடகத்துக்கு எழுதுவதுதான் எனக்குத் தெரியும். ஏழெட்டு வரி, பாதி வரியில் புள்ளியும் கோடும். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் யாரும் கேட்காமல், யாரும் தொடாமல், முதல் வேலையாக அந்த வரிகளை ஓட்டும், அவை அவனுக்கு ஒரு செய்தி அனுப்பும், அவன் போனில் பச்சையாக ஒரு டிக் விழும், அம்மா எழுந்துவிட்டாள், நடமாடுகிறாள், நன்றாக இருக்கிறாள். செய்தியில் என்ன வார்த்தை போடலாம் என்று என்னையே கேட்டான். விளையாட்டாகத்தான் சொன்னேன், உள்ளேன் என்று போடேன் என்று. அவனும் தமிழ்ப் பள்ளியில் படித்தவன்தானே, சிரித்துவிட்டான், அப்படியே போட்டான். அன்றிலிருந்து காலையில் இதை ஆன் செய்தால் திரையின் நடுவில் கறுப்பாக ஒரு சதுரம் ஒரு தரம் இமைத்துவிட்டு மறையும். அவ்வளவுதான் தெரியும். வாசிக்க முடியாது, அதற்குள் போய்விடும். அந்த இமைப்புதான் நான். கல்லூரியில் முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள், ஒரு கணவனைப் பறிகொடுத்தவள், ஒரு பிள்ளையைப் பெற்றவள், எல்லாம் ஓர் இமைப்பில் கடல் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒரு டிக்காக விழுந்துவிடுகிறாள். அதற்கு முன்னால் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆபீஸ் முடிந்து ரயில் ஏறுகிற நேரம், பின்னால் பிளாட்பாரத்தில் ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ அறிவித்துக்கொண்டிருப்பாள், இவன் ஒரே மூச்சில் கேட்பான், எந்திரிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு. நான் அலுத்துக்கொள்வேன். தினம் இதேதானா, வேறு பேச்சே கிடையாதா என்று. கேட்டது தப்பில்லை. ஆனால் கடவுள் சில அலுப்புகளை மட்டும் உடனே காதில் போட்டுக்கொள்கிறார். டிக் விழ ஆரம்பித்த பிறகு கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. ஞாயிறு, மாதத்தில் ஒரு ஞாயிறு ஆயிற்று. அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது, எந்திரிச்சீங்களா என்று எப்படிக் கேட்பான், எழுந்தது அவனுக்குத்தான் தெரியுமே. கேள்வி போய்விட்டது. பதில் மட்டும் தினமும் இங்கிருந்து தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

போன வாரம் காய்ச்சல். எலும்புக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு வலி. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். அந்த நிலையிலும் காலையில் இந்த அறைக்கு வந்து, மேசைக்குக் கீழே குனிந்து, கண் இருட்டிக்கொண்டு வர, இதன் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போய்ப் படுத்தேன். ஏன் அழுத்தினேன். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்றா. யோசித்து அழுத்தவில்லை. அதுதான் இந்த ஒரு வாரமாக முள்ளாக உறுத்துகிறது. கால் தானாக வந்தது, விரல் தானாக அழுத்தியது. காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அம்மா பழக்கிவிட்டாள், இன்றைக்கும் கண் திறப்பதற்கு முன்னால் கை முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகியும், விழித்தவுடன் என் இடது கை கட்டிலின் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்க்கிறது, நான் சொல்லியா தடவுகிறது. எனக்குள்ளும் யார் யாரோ வரிவரியாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எழுந்தால் அவை ஓடுகின்றன. பிள்ளைப் பாசம் என்று இத்தனை காலம் நான் பெருமைப்பட்டுக்கொண்டதும் அதில் ஒன்றுதானோ. ஊறவைத்த பயறு முளைக்கிறதே, அதற்கு மனசா இருக்கிறது. வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், விதைக்கு ஆசை கிடையாது பெண்களே, ஈரம் பட்டால் முளைக்கும், அவ்வளவுதான் என்று. பின் வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அப்போது புரியவில்லை. எது எப்படியோ, நான் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் அவனுக்கு டிக் விழுந்தது. எதிர் வீட்டு ஜெசிந்தா கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள், பால் போடுகிறவர் நேற்றைய பாக்கெட் எடுக்கவில்லையே என்று மணி அடித்துக் கேட்டார், கீழ்வீட்டுக்காரர்கள் ராத்திரியெல்லாம் இருமல் கேட்டதே என்று விசாரித்தார்கள், இந்தத் திருச்சியில் என்னைப் பார்த்தால் யாரென்றே தெரியாத மருந்துக்கடைப் பையனுக்குக்கூட எனக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும். பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. நான்தான் தெரியாமல் பார்த்துக்கொண்டேன் போலிருக்கிறது.

ஒரே ஒரு தரம் அவன் போன் கத்தியிருக்கிறது. இதைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போன புதிதில், கார்த்திகை மழை, விடியற்காலையில் போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை, டிக் விழவில்லை. அவன் ஜெசிந்தாவைக் கூப்பிட்டிருக்கிறான், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டிருக்கிறான், என் போன் சார்ஜில்லாமல் செத்துக் கிடந்தது. ஜெசிந்தா ஓடிவந்து அவள் போனை என் காதில் வைத்தாள். அம்மா என்றான். அவ்வளவுதான், மேலே வார்த்தை வரவில்லை. ஐந்து வயதில் மலைக்கோட்டைக் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டு, பிறகு யாரோ தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தபோது சொன்ன அதே அம்மா. நாற்பது வயது மீசைக்காரனின் தொண்டைக்குள் அது அப்படியே கெடாமல் இருந்திருக்கிறது. அன்று முழுக்க நான் பூமியில் கால் பதியாமல் நடந்தேன். இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறேன். வேறு என்ன கேட்கிறேன், வா என்றா, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றா. ஒரு தரம் அந்த அம்மா வேண்டும். அதற்காகப் பிள்ளையைப் பயமுறுத்துகிற தாய் நல்ல தாயா என்று யாராவது கேட்டால், இல்லை, நல்ல தாய் இல்லை. நல்ல தாயாக நிறைய நாள் இருந்து பார்த்தாயிற்று.

மின்விசிறியின் சத்தம் மாறுகிறது. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. பிரிட்ஜும் ஒரு செருமலோடு அடங்குகிறது. வீடு முழுக்கத் திடீரென்று ஒரு செவிட்டு அமைதி, தெருவில் போகிற ஆட்டோவின் சத்தம் நடுவீட்டில் ஓடுகிறது. கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வருகிறாள் ஜெசிந்தா, கையில் பேப்பரை விசிறியாக மடித்துக்கொண்டு. மாதாந்திரப் பராமரிப்பாம், நம்ம ஏரியாவுக்கு இன்றைக்காம், பேப்பரில் போட்டிருக்கிறானே பார்க்கவில்லையா என்கிறாள். பார்க்கவில்லை. நான் ஏன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கிறாள். ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அவளிடம் எதையும் மறைத்து வெற்றி கண்டவர்கள் இல்லை, சொல்லிவிட்டேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். "புள்ளைக்குப் பரீட்சை வைக்கிறீங்களாக்கும். வாத்தியாரம்மா வேற என்ன வைப்பீங்க. பெயிலாயிட்டா என்ன செய்வீங்கக்கா, அடுத்த வருசம் மறுபடி எழுதச் சொல்வீங்களா?" எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அவள் பெண் சென்னையில் இருக்கிறாள், தினமும் மூன்று தரம் கூப்பிட்டுச் சண்டை போடுகிறாள். அந்தச் சண்டையை எனக்குக் கொஞ்சம் கொடேன் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. இட்லி மீந்திருக்கிறது, அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பத்து கடந்துவிட்டது. கத்தியிருக்கும். இந்நேரம் அவன் மேசைமேல் அது துடித்துக்கொண்டிருக்கும். இப்போது எடுத்துப் பார்ப்பான். இப்போது பெயரைத் தேடுவான். விரல் பதறும், தவறாக வேறு யாரையோ அழுத்துவான். போன் மடியில் கிடக்கிறது, சூடாக, உயிருள்ள எதையோ வைத்திருக்கிற மாதிரி. சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருக்கிறது. சத்தம் ஏற்றி வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறேன், வைத்திருக்கிறேன். ஒருவேளை காரில் போய்க்கொண்டிருந்தானானால். கத்தல் கேட்டுக் கை நடுங்கி, ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன். எழுந்து ஓடிப்போய் மேசைக்கடியில் குனிந்து பொத்தானை அழுத்துகிறேன். அழுத்தினால், கரண்ட் எங்கே இருக்கிறது. முட்டி வலியோடு தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். சரி, இனி என் கையில் இல்லை. கூப்பிடட்டும். நானே ஒரு செய்தி அனுப்பலாம், போன்தான் இருக்கிறதே, நன்றாக இருக்கிறேன் என்று நாலு எழுத்து அடிக்க எவ்வளவு நேரம் ஆகும். அடிக்க மாட்டேன். தரை சில்லென்றிருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் மேசையின் அடிப்பக்கம் தெரிகிறது, அதில் சாக்பீஸால் எழுதின ஒரு கணக்கு, தச்சரின் அளவாக இருக்கும், இத்தனை வருடம் இதன்மேல் எழுதியும் அடியில் பார்த்ததில்லை. மணி அடிக்கிறது. போன். அடித்துப் பிடித்து எடுத்தால் ஒரு பெண் குரல், குளிர்ந்த குரல், உங்களுக்குக் கடன் தயாராக இருக்கிறது, ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். அவளும் ஆள் இல்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டர் எழுந்தால் இவளும் எழுந்து ஓடுகிறவள்தான் போலிருக்கிறது. இருந்தாலும் முழுவதும் கேட்டேன். யாரோ என்னிடம் பேசுகிறார்கள் என்று கேட்டேன்.

பதினொன்று. ஜெசிந்தாவின் இட்லி. சட்னியில் உப்பில்லை, இல்லை, நாக்கில் உப்பில்லை. பன்னிரண்டு. ஜன்னல் கோடுகள் தரையை விட்டுப் போய்விட்டன. உடம்பெல்லாம் வேர்வை, முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆவணியில் இப்படி ஒரு புழுக்கமா. முதலில் பயந்திருப்பான் என்று நினைத்தேன். பிறகு எப்படிக் கூப்பிடுவது என்று பயப்படுகிறான் என்று நினைத்தேன், கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் என்ற பயம், அது எனக்குத் தெரியும், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வார்டு வாசலில் கதவைத் தள்ளாமல் நான் நின்ற பயம். அவனுக்கும் அப்படித்தான் இருக்கும். பாவம். பிறகு அந்தப் பாவமும் காய்ந்துவிட்டது. மனசு எத்தனை வக்கீல்களை வைத்து வாதாடுகிறது ஒரு பிள்ளைக்காக. தூங்கிவிட்டானோ, அங்கே சாயங்காலம் அல்லவா. போன் தொலைந்துவிட்டதோ. கத்துவதற்கு எழுதின வரிகளில் ஏதாவது பிழையோ. பிழையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன். அவன் மறந்தான் என்பதைவிட அவன் எழுதத் தெரியாமல் எழுதிவிட்டான் என்பது எவ்வளவோ நன்றாக இருக்கிறது. வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்கின பிள்ளை, அவன் தப்பு செய்திருக்க வேண்டும் என்று பெற்றவள் கும்பிடுகிறாள்.

பிரிட்ஜ் செருமியது. மின்விசிறி சோம்பல் முறித்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதே, நல்லவர்கள் என்று நினைத்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தேன். மேசைக்குக் கீழே ஒரு சின்ன பீப். ஒரு முணுமுணுப்பு. திரும்பிப் பார்த்தால் திரை வெளுக்கிறது. நான் தொடவில்லை. என் கை இரண்டும் என் கழுத்தில் இருக்கின்றன. நான் தொடவேயில்லை. அந்தக் கார்த்திகை மழைக்குப் பிறகு கடையிலிருந்து ஓர் ஆளை அனுப்பி எதையோ மாற்றச் சொன்னானே, இனிமேல் கரண்ட் போய் வந்தால் அதுவாகவே எழுந்துகொள்ளும்மா, எனக்கும் டென்ஷன் இல்லை, உங்களுக்கும் தொந்தரவு இல்லை என்றானே. எத்தனை தரம் இது இப்படித் தானே எழுந்ததை, இது வேறு என்று சலித்துக்கொண்டு அணைத்திருக்கிறேன். சுவரில் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அது தோன்றவில்லை. பிள்ளையின் மனசை ஆழம் பார்க்கக் கிளம்பினவளுக்கு ஒரு பிளக்கைப் பிடுங்கத் தோன்றவில்லை. பிடுங்கப் பாய்ந்தேன், முட்டி மடங்கவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது திரையின் நடுவில் கறுப்புச் சதுரம் ஒரு தரம் இமைத்தது. போய்விட்டது. உள்ளேன். இந்த அறையில் நான் செத்துக் கிடந்தாலும், மேலே எறும்பு ஊர்ந்தாலும், மாதா மாதம் பராமரிப்பு முடிந்து கரண்ட் வரும், இது எழும், உள்ளேன் அம்மா என்று கணீரென்று சொல்லும். அவனுக்குப் பச்சையாக டிக் விழும்.

நானே கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தான், பின்னால் அதே பிளாட்பாரத்துப் பெண்.

"என்னம்மா, இந்நேரத்துல?"

"காலைல போன் கத்துச்சாப்பா?"

கத்தியதாம். மீட்டிங்கில் இருந்தானாம். சைலண்ட்டில் போட்டுவிட்டு, முடிந்ததும் கூப்பிடலாம் என்று நினைத்தானாம், பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வேலை வந்துவிட்டதாம், இப்போது எடுத்துப் பார்த்தால் டிக் விழுந்திருந்ததாம். "அதான் ஆன் பண்ணிட்டீங்களேன்னு விட்டுட்டேன்" என்றான்.

"நான் பண்ணலைப்பா. கரண்ட் போயி வந்துச்சு. அதுவா ஆயிடுச்சு."

ஒரு கணம் சத்தமில்லை. அந்த ஒரு கணத்துக்குள் நான் என்னென்னவோ நட்டுவைத்துவிட்டேன், அவை எல்லாம் முளைத்தும்விட்டன. இப்போது கேட்பான். அப்படியானால் காலையில் ஏன் ஆன் செய்யவில்லை என்று கேட்பான். அம்மா என்பான்.

"பாத்தீங்களா," என்றான், குரலில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த நாளின் சந்தோஷம், "கரெக்டா வேலை செய்யுதுல்ல?"

"செய்யுதுப்பா" என்றேன். ரயில் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

இது போன வருடம். தை பிறந்ததும் இளம்பரிதி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரைப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்தே கவனித்துக்கொள்ள உதவும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினான். நன்றாக நடக்கிறது.